மசக்கை என்றே இருக்கட்டும்

திருமுல்லைவாயில்,
6-3-1938

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் தாட்சாயிணி கும்பிட்டு எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நானும் சுகம் என்று எழுதினால் நீங்கள் நம்பப் போவதில்லை, அதனால் அதை மட்டும் விட்டுவிடுகிறேன். வசந்தா எப்படி இருக்கிறாள்? உங்களுக்கு நேரத்துக்குச் சோறு போடுகிறாளா, இல்லை ஸ்டேஷனில் வரும் வண்டிகளை எண்ணிக்கொண்டு நிற்கிறாளா?

கல்யாணமாகி ஒரு மாதம் ஆகிறது. அவர் விடிவதற்கு முன்னால் காய்கறி வண்டி கட்டிக்கொண்டு கொத்தவால் சாவடிக்குப் போய்விடுகிறார். பிறகு வீட்டில் நானும் அத்தையும்தான். அத்தை கெட்டவர் இல்லை அப்பா. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுவிட்டுப் பட்டினி கிடக்கலாம். இவர் பக்கத்தில் உட்கார்ந்து பிசைந்து போடுகிறார். காலையில் பழையது, மத்தியானம் சோறு, ராத்திரியும் சோறு. எல்லாம் ஏரிக்குக் கீழே இருக்கும் சொந்த நிலத்து நெல். அதை வேண்டாம் என்று சொன்னால் அவர்களையே வேண்டாம் என்று சொன்ன மாதிரி. நேற்று என் இலையைப் பார்த்துவிட்டு, "இன்னா கண்ணு, நாலு பருக்கைய வெச்சிகினு கோலம் போடுறே? நம்ம ஊட்டு நெல்லு, துன்னு" என்றார். தின்றேன்.

டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு டிரங்குப் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. அரிசி, கிழங்கு, வெல்லம் மூன்றும் ஆகாது. முட்டை, மீன், கீரை, மோர், கத்தரிக்காய் தாராளமாகச் சாப்பிடலாம். நம் வீட்டில் இரண்டு வருஷம் அப்படித்தானே சாப்பிட்டேன், நீரிழிவு என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. இங்கே வந்து ஒரு மாதத்தில் மறுபடியும் நா வறள்கிறது, கால் எரிகிறது. ராத்திரியில் நாலு தடவை எழுந்திருக்கிறேன். கொல்லையில் நான் போய்வந்த இடத்தில் எறும்பு மொய்க்கிறது. யாராவது பார்த்துவிடுவார்களோ என்று தண்ணீர் ஊற்றிவிட்டு வருகிறேன்.

கல்யாணத்துக்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாம் அப்பா. இப்போது நான் எப்படிச் சொல்வது? பதில் எழுதுங்கள்.

தங்கள் மகள்,
தாட்சாயிணி


மேல்பட்டி,
11-3-1938

என் கண்ணான தாட்சாயிணிக்கு,

அப்பா ஆசீர்வாதம். உன் கடிதத்தைப் பாசஞ்சர் வண்டி நிற்கும்போதே பிரித்துவிட்டேன். கொடி காட்ட மறந்து, கார்டு கத்திய பிறகுதான் வண்டி புறப்பட்டது. வசந்தாவுக்கு உன் கேள்வியைப் படித்துக் காட்டினேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் எனக்கு நேரத்துக்குச் சோறு போடுகிறாள்.

பயப்படாதே அம்மா. நீ ஒரு மாதம் சோறு தின்றிருக்கிறாய். இப்போது நிறுத்தினால் முதல் வாரம் தலைவலிக்கும், கை கால் ஓயும், யாரைக் கண்டாலும் எரிச்சல் வரும். முன்பும் உனக்கு அப்படித்தான் இருந்தது. நீர் மோரில் உப்பைக் கூடப் போட்டுக் குடி. கஞ்சி வடிக்கும் நேரத்தில் அடுப்பங்கரையில் நிற்காதே, அந்த வாசனைதான் எமன். நாலு மணிப் பசிக்கு இரண்டு தேங்காய்ச் சில்லு மடியில் வைத்துக்கொள். ராத்திரியில் ஆடுசதை இழுத்தால் எழுந்து நாலு அடி நட. விசேஷ வீட்டுக்குப் போகுமுன் ஒரு முட்டை தின்றுவிட்டுப் போ. வயிறு நிறைந்திருந்தால் கை இலைக்குப் போகாது. இலையில் சோறு கொஞ்சமாகவும் காய் மலையாகவும் இருக்கட்டும்.

சொல்வதைப் பற்றி எழுதினாய். இப்போது வேண்டாம். உன் மாமியார் தன் தம்பி மகன் ஜெயராமனை நம் வசந்தாவுக்குப் பேசுவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். பூந்தமல்லியில் கல்வீடு, ஒரே பையன். அக்காளுக்கு இப்படி ஒரு வியாதி என்று தெரிந்தால் தங்கையை யார் எடுப்பார்கள்? ஆவணியில் நிச்சயம் ஆகிவிடும். அதுவரை பல்லைக் கடித்துக்கொள்.

உன் அம்மாவுக்கு என்ன வியாதி என்று தெரியாமலே அவளைத் தூக்கிக் கொடுத்தவன் நான். உன்னை அப்படி விடுவேனா?

அன்புள்ள அப்பா,
லோகநாதன்


திருமுல்லைவாயில்,
22-5-1938

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் சொன்னபடியெல்லாம் செய்தேன். தலைவலி ஒரு வாரத்தில் போய்விட்டது. ஆனால் சோற்றிலிருந்து தப்பிக்க வழி கிடைக்கவில்லை. அதனால் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். அத்தை பிசைந்து கொடுத்துவிட்டு அப்பால் திரும்பியதும் மாட்டுக்கு வைக்கும் கழுநீர்ப் பானையில் என் இலைச் சோற்றைப் போட்டுவிடுவேன். மாடு ஊதிக்கொண்டு வந்தது, நான் தேறிக்கொண்டு வந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை அத்தை பானைக்குள் கையை விட்டுவிட்டார். கை நிறையச் சோறு. உழுது விளைவித்தவர்கள் வீட்டில் அது எப்பேர்ப்பட்ட பாவம் என்று எனக்குத் தெரியும். வீட்டைவிட்டுத் துரத்துவார் என்று சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு முகமெல்லாம் சிரிப்பு.

அப்பாவுக்கு இதை எழுதக் கூசுகிறது. அம்மா இருந்தால் அவளுக்கு எழுதியிருப்பேன். எனக்கு இரண்டு மாதமாக நாள் தள்ளிப்போயிருந்தது. வியாதி முதலில் வந்த வருஷமும் இப்படித்தான் நின்றது, டாக்டரிடம் நீங்கள்தானே வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னீர்கள். ஆனால் அத்தை எப்படிக் கணக்குப் போடுவார்? சோறு பிடிக்கவில்லை, அடிக்கடி கொல்லைக்குப் போகிறாள், சோர்ந்து சோர்ந்து படுக்கிறாள், நாளும் தள்ளிவிட்டது. மசக்கை என்று தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்துவிட்டார். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன், அதிலும் ஒரு பிடி போட்டார்.

முந்தாநாள் அந்தச் சந்தேகமும் இல்லாமல் போனது. துணியை யாருக்கும் தெரியாமல் துவைத்து வைக்கோல் போரடியில் காயவைத்தேன். அப்போதே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை தெரியுமா? மசக்கைக்காரி சோறு வேண்டாம் என்றால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. இனிப்பைக் கண்டால் குமட்டுகிறது என்றேன், எடுத்து வைத்துவிட்டார்கள். மீன் வேண்டும் என்றேன், ஏரி விரால் வந்தது. இந்த நாலைந்து நாளாகத்தான் நான் இந்த வீட்டில் வயிறாரச் சாப்பிடுகிறேன். எனக்கே என்னைப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

உடனே புறப்பட்டு வாருங்கள். நீங்கள் பக்கத்தில் நின்றால் சொல்லிவிடுவேன்.

தாட்சாயிணி


மேல்பட்டி,
28-5-1938

என் கண்ணான தாட்சாயிணிக்கு,

ஆசீர்வாதம். லீவு கேட்டேன், கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் வந்திருப்பேனா என்று தெரியவில்லை, உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

நீ எழுதியதை மூன்று தரம் படித்தேன். முதல் தரம் அழுதேன். மூன்றாம் தரம் வேறொன்று தோன்றியது. நாம் தேடிக்கொண்டிருந்த வழியைத் தெய்வமே காட்டியிருக்கிறதோ என்னவோ. உனக்கு ஏற்ற சாப்பாடு கிடைக்கிறது, யாரும் கேள்வி கேட்பதில்லை, உடம்பு தேறுகிறது. நாமாகப் போய்ப் பொய் சொல்லவில்லை, அவர்களாக நினைத்துக்கொண்டார்கள். மசக்கை என்றே இருக்கட்டும் அம்மா. ஆவணி வரை.

பிறகு என்ன செய்வது என்று கேட்பாய். கலைந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். ஊரில் நடக்காததா? பத்து நாள் அழுவார்கள். மறந்துவிடுவார்கள். அதற்குள் வசந்தாவுக்கு நிச்சயம் முடிந்திருக்கும்.

இதை எழுத எனக்கு எப்படிக் கை வந்தது என்று நினைக்காதே. இரண்டு பெண்களைப் பெற்றவனுக்கு எல்லாம் எழுத வரும். முட்டையை விடாதே. கீரையை விடாதே.

அப்பா


திருமுல்லைவாயில்,
20-6-1938

அன்புள்ள அப்பாவுக்கு,

கும்பிட்டு எழுதுவது. உடம்பு நன்றாக இருக்கிறது. கால் எரிச்சல் இல்லை, ராத்திரி ஒரே தூக்கம். கொல்லையில் எறும்பும் இல்லை. டாக்டர் பார்த்தால் மெச்சிக்கொள்வார்.

நீங்கள் கேட்டது அவ்வளவுதானே? மற்றதையும் எழுதுகிறேன், படியுங்கள்.

உங்கள் மாப்பிள்ளை சந்தையிலிருந்து வரும்போது நாட்டுக் கோழி முட்டையைத் துண்டில் முடிந்து, வண்டி குலுங்கினால் உடைந்துவிடும் என்று மடியிலேயே வைத்துக்கொண்டு வருகிறார். ஆனந்தன் என்று பெயர் வைத்தவர்கள் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள், அப்படி ஒரு சந்தோஷம் அவருக்கு. பையன் பிறந்தால் அவருடைய அப்பா பெயர் நாகப்பன், பெண் பிறந்தால் நாகவல்லி என்று முடிவு செய்துவிட்டார். என் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு தூங்குகிறார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்கிறேன்.

ஆடிக்கு அழைத்துப் போக நீங்கள் வருவீர்கள், அங்கே வந்தால் ஒரு மாதம் இந்தக் கண்களிலிருந்து தப்பிக்கலாம் என்று இருந்தேன். அதுவும் இல்லை. பிள்ளைத்தாய்ச்சி ரயிலில் குலுங்கக் கூடாது என்று அத்தை சொல்லிவிட்டார். கிணற்றடிக்கும் போக விடுவதில்லை. கோயிலுக்கும் இல்லை. கூடத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். அத்தை என் இடுப்பைப் பார்க்கிறார், இன்னும் தெரியவில்லையே என்கிறார். நான் முந்தானையைத் தளர்த்திச் செருகிக்கொள்கிறேன். உங்கள் மகள் இப்படியெல்லாம் செய்யக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

கலைந்துவிட்டது என்று சொல்லச் சொன்னீர்களே, அதைச் சொல்லும்போது உங்கள் மாப்பிள்ளை முகத்தை யார் பார்ப்பது? நீங்களா?

தாட்சாயிணி


மேல்பட்டி,
27-6-1938

தாட்சாயிணிக்கு,

ஆசீர்வாதம். உன் கோபம் நியாயம். ஆனால் ஜெயராமன் வீட்டார் ஆடி கழிந்து முதல் முகூர்த்தத்தில் பாக்கு வெற்றிலை மாற்ற வருகிறோம் என்று எழுதிவிட்டார்கள். வசந்தா கடிதத்தைப் பார்க்காத மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போய்ப் பாத்திரத்தை உருட்டினாள். அவள் சந்தோஷப்பட்டால் பாத்திரம்தான் உருளும், உனக்குத் தெரியும்.

இன்னும் இரண்டே மாதம். உன் காலில் விழாத குறையாக உன்னைக் கேட்டுக்கொள்கிறேன் என்று எழுதப் போனேன். அப்பன் மகள் காலில் விழுவதா என்று அடித்துவிட்டேன். ஆனால் அதுதான் மனசில் இருப்பது.

அப்பா


திருமுல்லைவாயில்,
26-7-1938

அப்பாவுக்கு,

சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை நடந்தது. அத்தை அன்று காலையிலிருந்து மஞ்சள் புடவை நனைப்பதும் வேப்பிலை ஒடிப்பதுமாக இருந்தார். என்ன என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை பெரியபாளையத்து ஆத்தாளுக்குக் கால்நடையாக வருவதாக வேண்டிக்கொண்டாராம். என் பிரசவம் நல்லபடியாக ஆக வேண்டும் என்று. அவருக்கு வலது காலில் ஆறாத புண் இருக்கிறது, வீட்டுக்குள்ளேயே விந்தி விந்தித்தான் நடப்பார். இருபது மைல் நடக்கப் போகிறேன் என்கிறார். இல்லாத பிள்ளைக்காக.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, நீங்க நடக்க வேண்டாம் அத்தை, என் வயிற்றில் ஒன்றும் இல்லை என்றேன்.

"எப்ப கலைஞ்சுது?" என்றார்.

நீங்கள் சொல்லிக்கொடுத்த பதிலை அவரே எடுத்துக் கையில் கொடுத்தார் அப்பா. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கட்டிக்கொண்டு அழுதிருப்பார். மறுநாள் எனக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்திருப்பார்.

"கலையல அத்தை. இருந்ததே இல்ல" என்றேன்.

பிறகு எல்லாம் சொன்னேன். நீரிழிவு, டாக்டர் சீட்டு, கழுநீர்ப் பானை, போரடியில் காயவைத்த துணி. வாயே நிற்கவில்லை. அவர் வேப்பிலையை உருவிக்கொண்டே கேட்டார். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், உங்கப்பாருக்குத் தெரியுமா என்று. தெரியும் என்றேன். கண்ணாலத்துக்கு முன்னாடியே தெரியுமா என்றார். தெரியும் என்றேன். மறைக்கச் சொன்னது நீங்கள்தான் என்பதையும் சொல்லிவிட்டேன். நானும் சேர்ந்துதான் மறைத்தேன் என்றும் சொன்னேன், அதை அவர் காதில் போட்டுக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

மறுநாள் விடிகாலையில் மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். எதற்காகப் போகிறீர்கள் என்று பின்னாலேயே ஓடினேன். வரேன்னு ஆத்தாகிட்ட சொல்லிட்டேன், போய்த்தான் ஆவணும் என்று மட்டும் சொன்னார். உங்கள் மாப்பிள்ளை வண்டியை எடுத்துக்கொண்டு தன் அம்மா பின்னால் போனார். போகும்போது என்னைப் பார்க்கவில்லை. நான் தனியாக வீட்டில் இருந்தேன். டிரங்குப் பெட்டியில் துணியை மடித்து வைத்தேன், அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன்.

நேற்று மாலை திரும்பினார்கள். கால் வீங்கிக் கிடக்கிறது. மஞ்சளை அரைத்துக்கொண்டு போனேன், காலை நீட்டினார். நான் பற்றுப் போட்டு முடித்த பிறகு சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"வியாதிக்காரிய தெருவுல தள்ற ஊடு இல்ல இது. நீ இங்கயேதான் கீறே. ஆனா அந்தாளு மூஞ்சி இந்த வாசல்ல தெரியக் கூடாது. நீயும் அங்க போவக் கூடாது. கடுதாசும் கூடாது."

பூந்தமல்லிக்கு இன்று ஆள் போய்விட்டது. வசந்தாவுக்கு இனி அந்த இடம் இல்லை. அவளிடம் என்ன சொல்வீர்களோ, என் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள்.

இன்று மத்தியானம் எனக்கு இலை போட்டார். கீரை, கருவாட்டுக் குழம்பு, இரண்டு முட்டை. சோற்றுப் பானையை அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தார். இந்த இலைக்காகத்தானே இத்தனை நாள் தவித்தேன். பாதியிலேயே இலையை மடித்துவிட்டேன்.

கடைசியாக ஒரு கடிதம் எழுதிக்கொள்கிறேன் என்று கேட்டேன். எழுது, நானே தபாலில் போடுகிறேன் என்றார் உங்கள் மாப்பிள்ளை. நாலு நாளில் அவர் என்னிடம் பேசியது அது ஒன்றுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் அப்பா.

தாட்சாயிணி


மேல்பட்டி,
1-8-1938

தாட்சாயிணிக்கு,

உன் தங்கை தலையில் மண்ணை வாரிப் போட்டுவிட்டாய். ஒரு மாதம், ஒரே ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லையா? மாமியார் இருபது மைல் நடப்பது உனக்குப் பொறுக்கவில்லை. நான் பன்னிரண்டு வருஷமாகத் தாயில்லாத இரண்டு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தேனே, அது உன் கண்ணில் படவில்லை. நீ நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இரு.

லோகநாதன்


மேல்பட்டி,
11-9-1938

என் கண்ணான தாட்சாயிணிக்கு,

அப்பா எழுதுவது. போன கடிதம் உன் கைக்குக் கிடைக்காமல் போயிருக்க வேண்டும் என்று நாற்பது நாளாக வேண்டிக்கொண்டிருக்கிறேன். கிடைத்திருந்தால் அதை அடுப்பில் போடு. இதை மாப்பிள்ளை பெயருக்கே அனுப்புகிறேன். அவர் படித்துவிட்டுக் கொடுக்கட்டும், தன் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டட்டும். இனி இந்த வீட்டுக் கடிதத்தில் ஒளிக்க ஒன்றும் இல்லை.

அந்தக் கோபத்தோடு கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன், வசந்தா சோறு போட்டாள். ஏனோ அதைத் தொடப் பிடிக்கவில்லை. என் மகள் தின்ன முடியாததை நான் ஏன் தின்ன வேண்டும் என்று வீம்பாக எழுந்துவிட்டேன். அன்றிலிருந்து நானும் உன் சீட்டுப்படிதான் சாப்பிடுகிறேன். முதல் வாரம் தலை பிளந்தது. பாயிண்ட்ஸ்மேன் முனியனை ஒன்றுமில்லாததற்குத் திட்டினேன். வசந்தா கஞ்சி வடிக்கும் வாசனைக்கு, ஐம்பத்திரண்டு வயசில், சின்னப் பிள்ளை மாதிரி எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நீர் மோரில் உப்பைப் போட்டுக் குடித்தேன். அதற்கெல்லாம் போகிற பசி இல்லை அது. உனக்கு எத்தனை யோசனை எழுதினேன், அத்தனையும் வயிறு நிறையச் சோறு தின்றுவிட்டு எழுதியது. நான்கு மாதம் அந்தப் பசியோடு, பக்கத்தில் பிசைந்து போடுகிற கையோடு, ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லாமல் உன்னை விட்டுவைத்திருந்தேன். அதற்கு மேல் ஒரு பொய்ப் பிள்ளையையும் சுமக்கச் சொன்னேன்.

போன வெள்ளிக்கிழமை குடியாத்தத்திலிருந்து வசந்தாவைப் பார்க்க வந்தார்கள். அவர்கள் உட்காருவதற்கு முன்னாலேயே நான் சொல்லிவிட்டேன், இவள் அம்மா நீரிழிவில் போனவளாகத்தான் இருக்க வேண்டும், அக்காளுக்கும் அது இருக்கிறது, இவளுக்கு இன்று வரை இல்லை என்று. காப்பியைக் குடித்தார்கள். மாடு கட்ட நேரமாகிறது என்று எழுந்து போய்விட்டார்கள். கதவுக்குப் பின்னால் வசந்தா அழுவாள் என்று போனேன். அழவில்லை. அக்காளுக்கும் இப்படிச் சொல்லியிருக்கலாமேப்பா என்றாள்.

அம்மா, உன் மாமியார் சொன்னது சரி. நான் வர மாட்டேன். உன்னை வா என்று கூப்பிடவும் மாட்டேன். எழுதக் கூடாது என்றால் எழுத வேண்டாம், அந்த அம்மாளின் வார்த்தையை மீறாதே. இத்துடன் ஒரு தபால் கார்டு வைத்திருக்கிறேன். அதில் ஒரு எழுத்தும் எழுத வேண்டாம். என் விலாசத்தை மட்டும் உன் கையால் எழுதி மாப்பிள்ளையிடம் கொடு, அவர் போடுவார். மறுபக்கம் வெறுமையாக இருக்கட்டும். என் மகள் சாப்பிட்டாள் என்று நான் அதில் படித்துக்கொள்வேன்.

இன்றிலிருந்து ஸ்டேஷனுக்கு வரும் தபாலையெல்லாம் நானே வாங்கிப் பார்க்கிறேன் என்று முனியனிடம் சொல்லிவிட்டேன்.

உன் அப்பா,
லோகநாதன்